சவுரியும் சிக்கும்: ஒரு பொறியாளரின் பார்வை

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்டவன் சவுரி முடியைப் பற்றி எழுத வந்தது வாசக அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். நம் சங்கத்து மகளிர் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். "பள்ளிக் கலோத்சவத்தில் பரதநாட்டியம் ஆடுவதற்காகக் குழந்தைக்கு நல்ல விலை கொடுத்துச் சவுரி வாங்கினோம். ஒரு வருஷத்திலேயே தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. இதற்கு ஏதாவது வழி உண்டா?" என்பது அவர்கள் கேள்வி. வழி உண்டு. கம்பி, கயிறு, உராய்வு ஆகியவற்றோடு காலம் கழித்தவனுக்கு முடியும் ஒருவகை மெல்லிய கம்பிதான்.

பெயரும் பழக்கமும்

சவுரி என்றும் சவரி என்றும் நாம் சொல்லுவதை மலையாளத்தில் திருப்பன் என்பார்கள். கவரி என்ற விலங்கின் வால்முடியைக் குறித்த சொல்தான் சவரி என்று ஆகி, பிறகு ஒட்டு முடிக்குப் பெயராயிற்று. திருக்குறளில் 969ஆம் குறளில் வருகிற கவரிமாவை யாவரும் அறிவர். கூந்தலுக்கு ஐம்பால் என்றே ஒரு பெயர் வழங்குமளவுக்கு முடி அலங்காரத்தில் தோய்ந்தவர்கள் நம் முன்னோர்.

பாலக்காட்டிலும் சிற்றூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், தெற்கே இடுக்கி மலையில் மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, குமுளி ஆகிய இடங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம், வளைகாப்பு, அம்மன் திருவிழா என்றால் பரணில் இருக்கும் சவுரி கீழே இறங்கும். ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் எல்லாம் அதன்மேல்தான் ஏறும். இப்போது இதோடு கிளிப் வைத்த முடி, டேப் ஒட்டிய முடி, தைத்த முடி என்று பல வகைகள் வந்துவிட்டன. பெயர் எதுவானாலும் சிக்கு விழும் விதம் ஒன்றுதான்.

ஒரு முடியின் அமைப்பு

நம் தலைமுடி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் பூதக்கண்ணாடிக்கும் மேற்பட்ட நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேற்புறம் ஓட்டு வீட்டுக் கூரைபோல் இருக்கும். சிறு சிறு செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். ஓட்டின் விளிம்பு கூரையின் இறவாரத்தை நோக்கி இருப்பதுபோல, எல்லாச் செதில்களின் விளிம்பும் முடியின் நுனியை நோக்கியே இருக்கும். எனவே வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் தடுக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உதிர்ந்த நீள முடி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாக்கில் பிடித்து, விரல்களை முடியின் போக்கிலேயே முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். எந்த முனை முன்னால் போகிறதோ அதுதான் வேர்ப்பக்கம். சிறு வயதில் புல் கதிரைச் சட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டு அது தானாகவே மேலே ஏறுவதைப் பார்த்துச் சிரித்தோமல்லவா, அதே தத்துவம். ஒரு பக்கம் மட்டும் சுழலவிட்டு மறுபக்கம் தடுக்கும் பல்சக்கரமும் இப்படித்தான் வேலை செய்கிறது.

இப்போது இரண்டு முடிகளை அடுத்தடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். இரண்டின் வேரும் ஒரே பக்கம் இருந்தால் செதில்கள் ஒரே திசையில் இருக்கும். ஒன்றையொன்று தாண்டிச் செல்லும். ஒன்றின் வேர் மற்றொன்றின் நுனியோடு சேர்ந்துவிட்டால் செதில்கள் எதிரெதிராக நின்று பிடித்துக்கொள்ளும். ஒவ்வோர் அசைவிலும் ஒவ்வொரு முடியும் தன் வேர்ப்பக்கமாக நகரும். ஆனால் இருவரும் எதிர்த் திசையில் போவார்கள். ஆயிரக்கணக்கான முடிகளில் இது நடந்தால் சிக்கு விழாமல் என்ன செய்யும்? ஆட்டு ரோமத்திலும் இத்தகைய செதில்கள் உண்டு. அதை ஈரப்படுத்தித் தேய்த்தால் பின்னி இறுகிக் கம்பளியாகிவிடுகிறது. சவுரி சிக்காவதும் ஒருவகையில் கம்பளியாவதுதான்.

ஆகவே இக்கட்டுரையின் சாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சிக்குக்கு முதற்காரணம் திசை. வேர்ப்பக்கம் வேரோடும், நுனி நுனியோடும் இருக்கும் வரை முடி நமக்கு அடங்கும். மற்றவை எல்லாம் இதைக் காப்பதற்கான வழிகளே.

சவுரி எங்கிருந்து வருகிறது?

பாலக்காட்டுக்காரர்களுக்குப் பழனி அடுத்த வீடு போல. பழனியிலும் திருப்பதியிலும் நேர்ந்துகொண்டு கொடுக்கும் முடியில் நீளமானவை முதலில் ஒரு கட்டாகக் கட்டப்பட்டு, பிறகு மழிக்கப்படுகின்றன. கட்டு குலையாதவரை வேர்ப்பக்கம் ஒன்றாகவே இருக்கும். வியாபாரத்தில் இதை ரெமி முடி என்பார்கள். விலை அதிகம். சரியாக வைத்துக்கொண்டால் பல ஆண்டுகள் உழைக்கும்.

இன்னொரு வகை, சீப்பில் வரும் முடி. நம் பாட்டிமார் தலைவாரும்போது உதிரும் முடியைச் சுருட்டிச் சுவரிடுக்கிலோ பழைய பால்பவுடர் டப்பாவிலோ சேர்த்துவைப்பார்கள். ஊர் ஊராக வருகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு பாத்திரமோ, ஊசியோ, கொண்டை ஊசியோ தருவார்கள். சிலர் அதையே கொடுத்துத் தம் பெண்ணுக்குச் சவுரி கட்டி வாங்குவதும் உண்டு. இதற்கு வியாபாரப் பெயரே சிக்கு முடி என்பதுதான். இதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். கர்நாடகத்தில் கொப்பள் நகரை அடுத்த பாக்யநகரில் இதைக் கையால் சிக்கெடுத்துத் தரம் பிரிக்கும் தொழில் ஏராளமான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மியான்மரிலும் இத்தொழில் உண்டு. லண்டனைச் சேர்ந்த மானிடவியலாளர் எம்மா டார்லோ 2016இல் உலக முடி வியாபாரத்தைப் பற்றி எழுதிய நூலுக்குச் சிக்கல் என்று பொருள்படும் பெயரையே வைத்தார். இந்திய அரசும் 2022 ஜனவரியில் பதப்படுத்தாத முடி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முடி அவ்வளவு மதிப்புள்ள சரக்கு.

கலந்துபோன முடியை விற்கத்தக்கதாக்க ஒரு தந்திரம் செய்வார்கள். அமிலக் கரைசலில் இட்டுச் செதில்களைக் கரைத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூச்சுக் கொடுப்பார்கள். கடையில் பார்க்கும்போது பட்டுப்போல் மின்னும். சில தடவை அலசியதும் பூச்சுப் போய்விடும், பிறகு சிக்குத்தான். "வாங்கும்போது நன்றாக இருந்தது, ஒரு மாதத்தில் கெட்டது" என்று புலம்புவோர் வாங்கியது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

மூன்றாவது, நைலான் போன்ற செயற்கை இழை. சவுரியின் நுனியில் ஓரிழையை வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டிப் பாருங்கள். மனித முடி என்றால் இறகு கருகிய நாற்றம் வரும், சாம்பல் நசுங்கிப் பொடியாகும். செயற்கை இழையானால் உருகிக் கெட்டி உருண்டையாகும். இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் எண்ணெய் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு ஊர், இரண்டு காற்று

நம் பகுதியில் சிக்குக்கு இடம் சார்ந்த காரணமும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வாளையாற்றுப் பக்கமிருந்து வீசும் கிழக்குக் காற்று வறண்டது, வேகமானது. அக்காற்றில் முடி ஈரமிழந்து செதில்கள் விறைக்கும். நைலான் சவுரியிலோ சீப்புப் பட்டதும் நிலைமின்சாரம் ஏறி இழைகள் ஒன்றையொன்று தள்ளிச் சிலிர்த்து நிற்கும். கல்பாத்தித் தேர் முடிந்து கல்யாண சீசன் தொடங்குகிற காலமும் அதுதான்.

மூணாறு, தேவிகுளம் பக்கம் நிலை நேர்மாறு. அங்கே மழையும் மூடுபனியும். முடி தன் எடையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு வரை நீரை உறிஞ்சக்கூடியது. நனைந்தால் அதன் குறுக்களவு ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகப் பெருக்கும். நீளம் மிகச் சிறிதே கூடும். செதில்கள் நிமிரும், உராய்வு மிகும். ஈர முடி எளிதில் நீளவும் அறவும் செய்யும். போதாததற்குக் குளிருக்காகக் கம்பளிச் சால்வையும் மப்ளரும் கழுத்தில் வேறு. செதிலுள்ள முடிமேல் செதிலுள்ள ரோமம் நாள் முழுதும் உராய்ந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

இதை நான் ஏட்டில் மட்டும் அறியவில்லை. என் தங்கை குடும்பம் தேவிகுளத்தில். அவள் மகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய் மருத்துவத்தின்போது தலைமுடி முழுதும் கொட்டிவிட்டது. என் தங்கை தன் இடுப்பளவு கூந்தலை வெட்டிக் கொடுத்தாள். போதாததற்கு வேறு முடியும் சேர்த்து விக் கட்டி வாங்கினார்கள். அந்தப் பெண் அதை வைத்துக்கொண்டு மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஒரு மாதத்தில் பிடரிப் பக்கம் மட்டும் உள்ளங்கை அளவுக்கு இறுகிப்போயிற்று. நான் போயிருந்தபோது அதைக் கையில் கொடுத்து, "மாமா, இதை வெட்டி எடுத்துடலாமா? அம்மாவோட முடி, அதான் மனசு வரலை" என்றாள்.

வெட்ட வேண்டியிருக்கவில்லை. கீழே சொல்லப்போகும் முறையில் இரண்டு மாலை நேரம் பிடித்தது, அவ்வளவே. சிக்கு விழுந்தது மப்ளர் படும் இடத்தில் மட்டுமே என்பதால் காரணமும் தெளிவாயிற்று. மப்ளருக்கு உள்ளே ஒரு வழவழப்பான பட்டுத்துணியைத் தைத்துக்கொண்டாள். விக் மேலும் ஓராண்டு, அவள் சொந்த முடி வளரும் வரை, பயன்பட்டது.

விழுந்த சிக்கை எடுக்கும் முறை

முதலில் ஒரு கணக்கு. ஒரு தூணில் கயிற்றைச் சுற்றி ஒரு முனையை இழுக்கும்போது, மறுமுனையைப் பிடித்து நிறுத்த எவ்வளவு குறைந்த பலம் போதும் என்பதைப் பொறியியல் மாணவர் அறிவர். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு ஆறரை மடங்கு, மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 285 மடங்கு பலம் தாங்கும். உராய்வு கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. முடிச்சுக்குள் முடி பல சுற்றுகள் சுற்றியிருக்கிறது. உச்சியிலிருந்து சீப்பை வலிந்து இழுத்தால் கீழுள்ள சிறு முடிச்சுகளெல்லாம் ஒன்றாகத் திரண்டு ஒரே பெரிய முடிச்சாகும். முடி அறுமே தவிர, அவிழாது.

சிக்னல் கம்பிச் சுருளை அவிழ்க்கும்போதும் இதே பாடம்தான். பக்கவாட்டில் இழுத்தால் முறுக்கு விழும். சுருளை உருட்டிக்கொண்டே கடைமுனையிலிருந்து விடுவித்துக்கொண்டு வர வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எல். மகாதேவன் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வும் இதையே நிறுவியது. ஒன்றையொன்று பின்னிய இரண்டு இழைகளைச் சீப்பின் ஒரே பல்லால் வாரிப் பார்த்து, கட்டற்ற நுனியில் தொடங்கிச் சிறு சிறு இழுப்புகளாக மேலே செல்வதே சிறந்த வழி என்று கண்டார்கள். நம் பாட்டிமார் ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்த உண்மை.

இனி செய்முறை:

1. சவுரியின் கட்டுப்பகுதியை ஒரு கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டுங்கள். நுனி கீழே தொங்க வேண்டும். மடியில் போட்டுச் சிக்கெடுத்தால் ஒருபுறம் எடுக்க மறுபுறம் விழும்.

2. தண்ணீரில் நனைக்கும் முன்பே சிக்கை எடுக்க வேண்டும். மனித முடிக்குச் சிக்கு உள்ள இடத்தில் தேங்காயெண்ணெய் அல்லது கண்டிஷனர் தடவி அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெய் உராய்வைக் குறைக்கும். தேங்காயெண்ணெய் முடியினுள் ஊடுருவிப் புரத இழப்பையும் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. செயற்கை முடிக்கு எண்ணெய் கூடாது. அது உள்ளே போகாமல் மேலேயே நின்று தூசியைச் சேர்க்கும். துணி மென்மையாக்கியை நிறையத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும்.

3. பெரிய சிக்கை விரல்களால் பக்கவாட்டில் மெல்லப் பிரித்துச் சிறு கூறுகளாக்குங்கள். இறுகிய முடிச்சானால் மழுங்கிய முனையுள்ள பின்னல் ஊசியை நடுவில் விட்டுத் தளர்த்துங்கள். முடிச்சைக் கீழ்நோக்கி இழுக்காமல் அகலப்படுத்துவதே நோக்கம்.

4. சிக்குக்கு மேலே ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு கட்டுத் தையலுக்குப் போகக்கூடாது. தலையில் வைத்தபடியே எடுப்பதானால் இழுப்பு மண்டைக்கும் போகக்கூடாது.

5. பல் அகன்ற மரச்சீப்பால் நுனியிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் கீழ்நோக்கி வாருங்கள். அது சுத்தமானபின் அதற்கு மேலுள்ள இரண்டு அங்குலம். இப்படிப் படிப்படியாக ஏறுங்கள். சீப்பு தொடங்கும் இடம் மேலே ஏறினாலும் வாரும் திசை எப்போதும் வேரிலிருந்து நுனிக்கே.

6. கையோடு வரும் தனி முடிகளை மறுபடி சவுரியில் செருகாதீர்கள். அவற்றின் திசை கலந்திருக்கும். அடுத்த சிக்குக்கு அவையே விதை.

அலசுவதும் உலர்த்துவதும்

சிக்கெடுத்தபின்தான் அலச வேண்டும். துணி துவைப்பதுபோல் கசக்கவோ, வாளியில் போட்டுக் கலக்கவோ கூடாது. தொங்கவிட்டபடி மேலிருந்து தண்ணீர் ஊற்றி, விரல்களைக் கீழ்நோக்கி மட்டும் ஓட்டுங்கள். சோப்பு காரத்தன்மையுள்ளது, செதில்களை நிமிர்த்தும். சீயக்காய் நீர் இலேசான அமிலத்தன்மை உடையது, செதில்களைப் படியவைக்கும். ஆனால் அரைத்த தூளை அப்படியே போட்டால் துகள் செதிலில் சிக்கும். ஊறவைத்து வடிகட்டிய நீரே ஏற்றது. நம் பகுதியில் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளி இதற்கு மிக நல்லது. அதன் வழவழப்பே ஒரு கண்டிஷனர். இதையும் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு பருத்தித் துண்டில் வைத்து ஒற்றி எடுத்து, நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். செயற்கை முடிக்குச் சுடுநீரும் வெப்பக் கருவிகளும் ஆகா. மலைப்பகுதியில் இருப்போர் முழுதும் உலர்ந்ததை உறுதி செய்துகொண்டே எடுத்துவைக்க வேண்டும். இல்லையேல் பூசணம் பிடிக்கும்.

எடுத்துவைக்கும்போது தளர்வாகப் பின்னி, இரு முனையிலும் துணி நாடாவால் கட்டி, பழைய பட்டுத்துணியிலோ வெள்ளைத் துணியிலோ சுற்றி நீளமாக வையுங்கள். பின்னல் திசையைக் காக்கும் பூட்டு. ரப்பர் வளையம் போடாதீர்கள்; அது முடியைப் பிடித்து அறுக்கும். பூ வாடியதும், விழா முடிந்ததும் அன்றிரவே கழற்றிவிட வேண்டும். சவுரியோடு படுத்துத் தூங்கினால் தலையணை உறையே சிக்குப் போடும் இயந்திரமாகிவிடும்.

தலையிலேயே ஒட்டிவைத்த முடி

கோவையிலும் கொச்சியிலும் அழகு நிலையங்களில் மாதக்கணக்கில் இருக்கும்படி ஒட்டும் முடிக்கு ஒரு தனிக் கவனம் தேவை. நம் முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே ஒட்டிய இடம் மாதந்தோறும் மண்டையிலிருந்து விலகி இறங்கும். மேலும் நாள்தோறும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. ஒட்டில் அகப்பட்ட முடி உதிர்ந்தாலும் கீழே விழ வழியில்லாமல் அங்கேயே தங்கும். இரண்டு மாதத்தில் ஒட்டின் வேரில் சடை பிடிப்பதற்கு இதுவே காரணம். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஒட்டை எடுத்து மாற்றிவிட வேண்டும். அன்றாடம் ஒட்டுகளுக்கு இடையே விரலை விட்டு ஒன்றோடொன்று சேராமல் பிரித்துவிடுங்கள். எண்ணெய் நுனியில் மட்டும். ஒட்டில் பட்டால் பசை இளகும். இரவில் தளர்ந்த பின்னல் போட்டுப் படுங்கள்.

எடை மிக்க முடியைத் தொடர்ந்து இழுத்துக் கட்டினால் நெற்றியோரம் சொந்த முடியே நிலையாகப் போய்விடக்கூடும். தலைவலி, வேரில் சிவப்பு, சிறு கொப்புளம் கண்டால் அலங்காரத்தைப் பார்க்காமல் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை. நாட்டியம் ஆடும் குழந்தைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். குழந்தை "வலிக்குது" என்றால், அது வலிக்கிறது என்றுதான் பொருள்.

நிறைவாக

வாங்கும்போது விரல் சோதனை செய்து திசையைப் பாருங்கள்; தீச்சோதனை செய்து வகையை அறியுங்கள்; சிக்கை நனைக்குமுன் எடுங்கள்; நுனியில் தொடங்குங்கள்; பின்னி எடுத்துவையுங்கள். இந்த ஐந்தையும் கைக்கொண்டால் நல்ல மனித முடிச் சவுரி அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். செலவு மிச்சமாவது ஒருபுறமிருக்க, யாரோ ஒரு பெண் பழனி மலையடியில் வேண்டிக்கொண்டு கொடுத்த கூந்தல் ஒரே கல்யாணத்தோடு குப்பைக்குப் போகாமலும் இருக்கும்.

வீட்டில் சிக்காகிக் கிடக்கும் சவுரியை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு மரச்சீப்பும் சிறிது தேங்காயெண்ணெயும் கூட எடுத்து வந்தால், உட்கார்ந்து சேர்ந்தே சிக்கெடுத்துப் பார்த்துவிடலாம்.